யாரோட சேர்?

அந்த யோசனை எனக்குத் தோன்றியது கேரம் போர்டின் முன்னால்தான். மாமா காய்களை நடுவட்டத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு. ஒன்று விட்டு ஒன்று. இரண்டு வெள்ளை தப்பித்தவறிப் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டால் எதிரில் இருப்பவர் சண்டைக்கு வருவார். ஒழுங்காக மாற்றி மாற்றி வைத்துவிட்டால் யாரும் வாயைத் திறக்க முடியாது. நான் ஸ்ட்ரைக்கரைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டத்தையே மறந்து கத்தினேன்.

"மாமா, சேரையும் இதே மாதிரி போட்டுட்டா?"

மாமா முதலில் என்னைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தார். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் யார் எதைச் சொன்னாலும் முதலில் வாசலைப் பார்ப்பது வழக்கமாகியிருந்தது. யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எழுந்து கடைப்பக்கம் ஓடினார்.

"அத்தான்! ஒங்க பொண்ணுக்கு இருக்குற மூளையப் பாருங்க!"

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். வளர்ந்த ஒரு மனிதரை என் ஒரு வாக்கியம் எழுந்து ஓட வைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தின் பெரிய சிக்கல்களையெல்லாம் பெரியவர்கள் கேரம் ஆடாததால்தான் தீர்க்க முடியாமல் தவிக்கிறார்கள் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இப்போது அரங்குகளுக்கு இருக்கை வரைபடம் போடுவதே என் வேலை. இன்றும் ஒரு புது வரைபடத்தைத் திறக்கும்போது அந்த நம்பிக்கை எனக்கு முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடைத்தெரு, சுற்றிலும் வயல். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. சங்கப் பெயர், கட்சிப் பெயர் எதையும்தான். அப்பா இன்னும் அதே இடத்தில் கடை வைத்திருக்கிறார். இதில் ஒரு வரியாவது யார் பக்கமாவது சாய்ந்திருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க அங்கே ஆள் இருக்கிறது.

கடை என்றால் வாடகைக் கடை. 'சேர், பந்தல், பாத்திரம் வாடகைக்கு' என்று வெளியே போர்டு. காதுகுத்துக்கும் எங்கள் நாற்காலிதான், நிக்காஹ்வுக்கும் எங்கள் நாற்காலிதான், சாவுக்கும் அதேதான். காலையில் கோயில் அன்னதானத்தில் இருந்த நாற்காலி மாலையில் கட்சிக் கூட்டத்தில் இருக்கும். எல்லாம் வெள்ளை நாற்காலிகள். வெள்ளையாகப் பிறந்தவை என்று சொல்ல வேண்டும். சாம்பாரும் வெயிலும் பட்டுப் பட்டு அவை எந்த நிறத்துக்கு வந்திருந்தன என்று யாரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாத நிறம் அது. அதன் அருமை அது போன பிறகுதான் தெரிந்தது.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா நாற்காலியோடு மல்லாந்து விழுந்தார். பெண் வீட்டார் வேண்டுமென்றே ஓட்டை நாற்காலியைப் போட்டார்கள் என்று பேச்சுக் கிளம்பி, பந்தி கொஞ்ச நேரம் நின்றே போனது. அதோடு அப்பா பழைய நாற்காலிகளைப் பழைய பிளாஸ்டிக்காரரிடம் போட்டுவிட்டு, புதிது வாங்கிவர மாமாவைத் திருச்சிக்கு அனுப்பினார். அம்மாவின் தம்பியான மாமாவுக்கு எந்தக் கடைக்குப் போனாலும் விலை பேசித் திரும்புவதில்தான் உயிர். மறுநாள் குட்டியானை வண்டி கடை வாசலில் வந்து நின்றது. தார்ப்பாயை விலக்கினார்கள். உள்ளே அடுக்கடுக்காக, சுத்தச் சிவப்பு.

"வெயில்ல வெளுக்காதாம் அத்தான். வெள்ளைய விட வெல கம்மி."

ஏன் கம்மி என்று மாமா அங்கே கேட்கவில்லை. எங்கள் ஊரில் வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்கள். இன்றைக்கு வரைக்கும் அந்தச் சிவப்பு யாரோ எங்கோ சொல்லிவைத்துவிட்டு எடுக்காமல் போனதுதான் என்பது என் சந்தேகம்.

வேறு சமயமாக இருந்தால் சிவப்பு வெறும் சிவப்பாகவே இருந்திருக்கும். ஆனால் அப்போதுதான் ஊரில் புதிதாகப் பேருந்து நிலையம் கட்டி முடித்திருந்தார்கள். அதற்கு யார் பெயர் வைப்பது என்று பிரச்சினை. அந்த இடத்தை ஒரு காலத்தில் எழுதிக்கொடுத்த மிராசுதாரின் பெயர்தான் வேண்டும் என்றார்கள் நிலம் வைத்திருந்தவர்கள். அவர்கள் தோளில் பச்சைத் துண்டு. அதே மிராசுதாரிடம் அறுப்புக் கூலியை ஏற்றிக் கேட்டுப் போராடியவரின் பெயர்தான் வேண்டும் என்றார்கள் வயலில் வேலை செய்தவர்கள். அவர்கள் தோளில் சிவப்புத் துண்டு. செத்துப்போன இரண்டு பேருக்காக உயிரோடிருந்தவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் எங்கள் மாமா குட்டியானை நிறையச் சிவப்பு நாற்காலியோடு ஊருக்குள் வந்தார்.

முதலில் வந்தவர் பச்சைத் துண்டு போட்ட ஒரு பெரியவர். நாற்காலி அடுக்கைச் சுற்றி ஒருமுறை நடந்தார். உட்காரவில்லை.

"என்ன தம்பி, சங்கத்துல சேந்தாச்சு போலருக்கு?"

"ஐயா, இது பிளாஸ்டிக்குங்க" என்றார் அப்பா.

"பிளாஸ்டிக்குல வேற கலரே வரலையா?" அவர் வெளியே போய் போர்டை நிமிர்ந்து பார்த்தார். "சேர்னு எழுதிருக்கீங்க, யாரோட சேர்றதுன்னு எழுதலையேன்னு இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன். இப்ப தெரிஞ்சிபோச்சு."

எனக்கு அது பெரிய நகைச்சுவையாகப் பட்டது. சத்தமாகச் சிரித்தேன். அப்பா என் தலையில் கை வைத்து உள்ளே தள்ளினார்.

சாயங்காலம் சிவப்புத் துண்டு போட்டவர் ஒருவர் வந்தார். அவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு "வாழ்த்துகள் தோழர்" என்றார். அப்பாவை அதற்குமுன் யாரும் தோழர் என்று கூப்பிட்டதில்லை.

"அண்ணே, இது வாடகைக்குத்தாண்ணே."

"தெரியும் தோழர். உள்ளுக்குள்ள இருக்கறது என்னிக்காச்சும் வெளிய வரத்தான செய்யும்?"

அவர் போன பிறகு அப்பா உள்ளே வந்து ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே குடித்தார். திட்டியவருக்குப் பதில் சொல்லிவிடலாம். பாராட்டியவருக்கு என்ன பதில் சொல்வது?

பக்கத்துக் கடை பேக்கரி பாய் மட்டும் எதுவும் சொல்லவில்லை. காலையில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எங்கள் கடை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுச் செய்தித்தாள் படிப்பது அவர் வழக்கம். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவரை நான் அந்தக் கோலத்தில்தான் பார்த்திருக்கிறேன். அன்று நான்தான் ஒரு புது நாற்காலியை இழுத்துவந்து போட்டேன். அவர் அதைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார்.

"பழைய சேர் ஒன்னுகூட இல்லையா பாப்பா?"

"எல்லாத்தையும் போட்டாச்சு பாய். இது புதுசு, ஒக்காருங்க."

"இருக்கட்டும்மா. முட்டி வலி. ஒக்காந்தா எந்திரிக்க முடியல."

நின்றுகொண்டே செய்தித்தாளை விரித்தார். நின்றால்தான் முட்டி வலிக்கும் என்பது அறிவியல் பாடம் படித்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி யோசனைகூடச் சொன்னேன்.

அப்பா மாமாவை மறுபடி திருச்சிக்கு அனுப்பினார். பாதிச் சிவப்பைக் கொடுத்துவிட்டு வேறு நிறம் மாற்றிவரச் சொன்னார். வெள்ளை தீர்ந்துபோயிருந்ததாம். எந்த நிறத்தை எடுப்பது என்று மாமா அங்கிருந்து போன் செய்ய, வீட்டில் ஒரு சபையே கூடியது. நீலம் என்றால் அதற்கு ஆள் இருக்கிறது. மஞ்சளுக்கும் இருக்கிறது. காவிக்கும் கறுப்புக்கும் சொல்லவே வேண்டாம். வானவில்லில் ஒரு நிறத்தையாவது யாராவது சும்மா விட்டுவைத்திருக்கிறார்களா என்று அம்மா கேட்டார். கடைசியில் அப்பாதான் சொன்னார், "பச்சையே எடுத்துட்டு வா. இவங்களுக்கு இது, அவங்களுக்கு அது. தொல்லை விட்டுது."

தொல்லை அதோடு விடவில்லை. சிவப்பு வீட்டு விசேஷத்துக்குச் சிவப்பு, பச்சை வீட்டுக்குப் பச்சை என்று அனுப்பத் தொடங்கியதும், எந்த வீடு எந்த நிறம் என்பது ஊருக்கே எங்கள் வண்டியைப் பார்த்துத் தெரிய ஆரம்பித்தது. வண்டி கிளம்பினால் டீக்கடையில் பேச்சு நிற்கும். எந்தப் பக்கமும் சேராத வீடுகள் பயந்துபோய், நாற்காலியே வேண்டாம், பாத்திரம் மட்டும் கொடுங்கள் என்றன. ஒருநாள் மாமா குழம்பிப்போய் ஒரு காதுகுத்துக்குப் பச்சையை அனுப்பிவிட்டார். அது சிவப்பு வீடு. வந்திருந்த அத்தனை பேரும் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நாற்காலிகள் அடுக்குக்கூடக் கலையாமல் திரும்பி வந்தன.

வீட்டுக்குள்ளும் நிறம் புகுந்துவிட்டது. அம்மா புடவை எடுத்தால் முதலில் கரையைப் பார்த்தார். ஓட்டலில் தோசைக்குப் புதினாச் சட்னி கேட்டேன் என்று அப்பா அவசரமாகக் காரச் சட்னியும் வைக்கச் சொன்னார். ஓட்டல்காரர் இரண்டையும் சம அளவு ஊற்றினார். அவருக்கும் அதே பாடுதான் என்று நினைக்கிறேன். அப்பா வெற்றிலை போடுவதை நிறுத்தியதும் அந்த வாரம்தான்.

"மடிக்கறப்ப பச்ச, மென்னா சிவப்பு. ரெண்டு பேரும் வந்து ஒதப்பானுங்க" என்றார் அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வெற்றிலைப் பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

பிறகு நேரடியாகவே கேட்கத் தொடங்கினார்கள். இரண்டு பக்கமும் உண்ணாவிரதத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். அவர்களுக்கு நாற்காலி கொடுக்காதீர்கள் என்று இவர்கள் சொன்னார்கள். இவர்களுக்குப் பந்தல் போடாதீர்கள் என்று அவர்கள் சொன்னார்கள். இரண்டு பேருமே குரலை உயர்த்தவில்லை. "தை பொறந்தா கல்யாண சீசன் இல்லையா தம்பி? நம்ம சனம் எல்லாம் ஒங்ககிட்டதான் வரும். அதுக்காகச் சொல்றோம்" என்றார்கள். அதே வார்த்தைகளை இரண்டு பேரும் சொன்னதை நான் உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே கேட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டு வந்தார்களோ என்றுகூடத் தோன்றியது.

கடைக்கு அது வாழ்வா சாவா என்கிற விஷயம். தையிலும் மாசியிலும் ஓடுகிற கல்யாணங்களை நம்பித்தான் மற்ற மாதங்கள். சுற்றுவட்டாரத்தில் பாதி வீடு இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். ஒரு பக்கம் கையை விட்டாலும் கடை படுத்துவிடும். அப்பா இரண்டு பேருக்கும் "பாக்கலாங்க" என்றே சொன்னார். 'பாக்கலாங்க' என்றால் சரி என்று சிலருக்கும் முடியாது என்று சிலருக்கும் கேட்கும். அதற்காகத்தான் அந்தச் சொல்லே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்த நிலையில் தாசில்தார் அம்மா ஒரு சமாதானக் கூட்டம் கூட்டினார். இரண்டு தரப்பும் வர வேண்டும், கடைத்தெரு வியாபாரிகளும் வர வேண்டும். இடம் பள்ளிக்கூட மைதானம். பந்தலும் நாற்காலியும் எங்கள் கடையிலிருந்து.

எல்லாம் சிவப்பாகப் போட முடியாது. எல்லாம் பச்சையாகவும் முடியாது. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று போடலாமென்றால், வலது பக்கம் யாருக்கு? அப்பாவுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் நான் கேரம் போர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஸ்கெட்ச் பேனா எடுத்து முழு மைதானத்தையும் வரைந்தேன். சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. அடுத்த வரிசை பச்சையில் தொடங்கும், அதற்கடுத்தது சிவப்பில். யார் எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் மற்ற நிறம்தான் இருக்கும். அப்பா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பக்கவாட்டில் பார்த்தார். எந்தக் கோணத்திலாவது அது ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிகிறதா என்று தேடினார்.

"மொத சேர் ஏன் செவப்பு?"

"எதாவது ஒன்னு மொதல்ல வரணுமேப்பா."

"அதான் கேக்குறேன். ஏன் செவப்பு?"

கையில் முதலில் அகப்பட்ட பேனா அது. கடைசியில், கடைசி நாற்காலி பச்சையில் முடிகிற மாதிரி வரிசையைத் திருத்தினேன். ஆரம்பம் ஒருவருக்கு, முடிவு ஒருவருக்கு. அப்பா பெருமூச்சு விட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் படம் ஒன்று அப்பாவின் சட்டைப் பைக்குள் போனது அதுதான் முதல் தடவை.

கூட்டத்தன்று காலையில் நானும் மாமாவும்தான் போட்டோம். பந்தலுக்குள் அது அறுத்து வைத்த தர்பூசணி மாதிரி இருந்தது. மாமா கொடிக்கம்பத் திண்டின் மேல் ஏறி நின்று போட்டோ எடுத்தார். "ஒலகத்துலயே மொத தடவ" என்றார். நான் அதையும் நம்பினேன்.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் ஒரு சிவப்புத் துண்டு. பந்தலுக்குள் நுழைந்தவர் சற்றுத் தயங்கி, ஒரு சிவப்பு நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்தார். அவரோடு வந்தவர் பக்கத்தில் இருந்த பச்சையைப் பார்த்தார். உட்காரவில்லை. அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பின்வரிசையிலிருந்து ஒரு சிவப்பை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஓரமாக வைத்த பச்சையை அப்போது உள்ளே வந்த பச்சைத் துண்டுக்காரர் வாங்கிக்கொண்டார். "இந்தாங்க, ஒங்களது அங்க ஒன்னு கெடக்கு" என்று ஒரு சிவப்பை எடுத்துக் கொடுக்கவும் செய்தார். அவ்வளவுதான். நாற்காலிகள் தலைக்கு மேலே கை மாறத் தொடங்கின. யாரும் யாரையும் இடிக்கவில்லை. "பாத்துங்க", "புடிச்சிக்குங்க", "இன்னொன்னு வருது பாருங்க" என்று அத்தனை மரியாதை. இந்த இரண்டு கூட்டமும் சேர்ந்து ஒற்றுமையாக ஒரு வேலையைச் செய்ததை நான் அதற்குமுன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. டீ ஆறுவதற்குள் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு, ஒரு பக்கம் முழுக்கப் பச்சை, நடுவில் ஆள் நடக்கிற அகலத்துக்கு வெறும் மண்.

நான் அழவில்லை. சண்டை இல்லாமல் நடந்ததால் என் யோசனை வென்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிறகுதான் பின்பக்கம் பார்த்தேன். பந்தல் மூங்கிலை ஒட்டி வியாபாரிகள் நின்றுகொண்டிருந்தார்கள். ஓட்டல்காரர், தையல்காரர், மருந்துக்கடைக்காரர், பேக்கரி பாய், அப்பா. யாரும் உட்காரவில்லை. பழைய வெள்ளை நாற்காலியாக இருந்தால் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து மறைந்திருப்பார்கள். இப்போது மற்ற எல்லோரும் பிரிந்து உட்கார்ந்துவிட்டதில், எந்தப் பக்கமும் போகாதவர்கள் யார் யார் என்பது பந்தலுக்கே பளிச்சென்று தெரிந்தது.

தாசில்தார் அம்மா மேடையிலிருந்து பார்த்தார். "வியாபாரிங்க ஏன் நிக்கிறீங்க? இவ்வளவு சேர் இருக்கே, உட்காருங்க."

"பரவால்லம்மா" என்றார் ஓட்டல்காரர். "நின்னே பழகிப்போச்சும்மா" என்றார் தையல்காரர், நாள் முழுக்க உட்கார்ந்தே தைப்பவர்.

முன்வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. எந்தப் பக்கத்திலிருந்து என்று எழுதப் போவதில்லை. "சேர்க்காரரே, ஒங்க சேர்தான? மொதல்ல நீங்க ஒக்காருங்க. எதுல ஒக்கார்றீங்கன்னு நாங்களும் பாக்குறோம்!"

பந்தலே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள். அவ்வளவு பேர் ஒருவரை ஒரே சமயத்தில் பார்ப்பது எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். என்னை யாரும் பார்க்கவில்லை, ஆனால் எனக்கே காது சூடானது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்துவிட்டார், மறுபடி மடித்துக் கட்டினார். பிறகு வெளியே நின்ற குட்டியானைக்குப் போய், உள்ளே சுருட்டிக் கிடந்த ஜமுக்காளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அந்த நடு மண்ணில் விரித்தார். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், எல்லாக் கோடும் ஓடுகிற ஜமுக்காளம். அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

ஓட்டல்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தையல்காரர், மருந்துக்கடைக்காரர். நானும் ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டேன். அப்பா ஜமுக்காளத்தைத் தட்டி, "வாங்க பாய்" என்றார்.

"இருக்கட்டும் தம்பி. முட்டி."

அவர் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாசில்தார் அம்மா அவரை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினார். கடைசிவரை வேறு யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. முடிவு வரும்வரை 'புதிய பேருந்து நிலையம்' என்றே இருக்கட்டும் என்று கூட்டம் முடிந்தது. இன்னும் அதுதான் பெயர். சுண்ணாம்பு உதிர்ந்து, தூணெல்லாம் பெயர்ந்து, இன்னும் அது புதிய பேருந்து நிலையம்தான்.

அப்பா ஜெயித்துவிட்டார் என்று அன்று வீட்டில் பாயசம் வைத்தார் அம்மா. மறுநாள் காலையிலேயே எல்லோருடைய போனுக்கும் ஒரு படம் வந்துவிட்டது. ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கிற வியாபாரிகள், நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு நான். மேலே 'மூன்றாவது அணி உதயம்' என்று எழுதியிருந்தது. இரண்டே நாளில் அது ஜமுக்காளக் கட்சி ஆகிவிட்டது. பச்சைத் துண்டுப் பெரியவர் கடைப்பக்கம் வந்து, "நேரா வந்து எதுத்தாலும் மதிச்சிருப்பேன் தம்பி. இது என்ன குறுக்கால ஒரு கோஷ்டி?" என்றார். சிவப்புத் துண்டுக்காரர், "நடுவுல ஒக்கார்றதுன்னு ஒன்னு கெடையாதுங்க முதலாளி" என்றார். தோழர் ஒரே வாரத்தில் முதலாளி ஆகிவிட்டிருந்தார். இந்தப் பக்கம் ஒரு கல்யாணம் கைவிட்டுப் போனது, அந்தப் பக்கமும் ஒன்று. இரண்டுக்கும் மன்னார்குடியிலிருந்து நாற்காலி வந்து இறங்கியது. ஒரே கடையின் நாற்காலி. அது என்ன நிறம் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்த மாமா வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஜமுக்காளத்தில் உட்கார்ந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. தையல்காரர் அப்பாவிடம் வந்து, ஓட்டல்காரர் ராத்திரியில் யாரோ துண்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். ஓட்டல்காரர் வந்து தையல்காரரைப் பற்றி அதையே சொன்னார். முதலில் எழுந்து போகப் போவது யார் என்று எல்லோரும் எல்லோரையும் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

பேக்கரிக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து போனார்கள். ஜமுக்காளத்தில்கூட ஏன் உட்காரவில்லை என்று கேட்டார்களாம். யாரோடும் சேராதவர்களோடும் சேராதவர் என்றால் வேறு யாரோடு? பாய் அவர்களுக்கு டீயும் ரஸ்க்கும் கொடுத்ததை நான் பார்த்தேன். அடுத்த நாள் பேக்கரி ஷட்டர் திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும். கூத்தாநல்லூரில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று மாமா சொன்னார். அங்கே முட்டிக்கு நல்ல வைத்தியர் இருக்கிறார் போல என்று நான் சொன்னேன்.

பேக்கரி மறுபடி திறந்த அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் அடுத்த சபை கூடியது. நாற்காலியை எல்லாம் விற்றுவிட்டுப் பாத்திரத்தோடு நின்றுகொள்ளலாம், பாத்திரத்துக்கு நிறம் கிடையாது என்றார் அம்மா.

"அலுமினியம் யாரோடது, எவர்சில்வர் யாரோடதுன்னு கேப்பானுங்க அக்கா" என்றார் மாமா.

நான் அதற்குள் அடுத்த யோசனையோடு தயாராக இருந்தேன். பெஞ்ச்! மர நிறம், யாருடைய நிறமும் இல்லை. அதைவிட முக்கியம், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போவது போல ஒரு ஆள் தனியாக பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. உட்கார்ந்திருக்கும் எல்லோரும் எழுந்தால்தான் அது நகரும். இதை நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். தாளில் ஒரு நீளமான பெஞ்ச் வரைந்து ஆட்களையும் உட்காரவைத்தேன். சிவப்புத் துண்டு, பச்சைத் துண்டு, ஓட்டல்காரர், தையல்காரர், அப்பா.

அப்பா குனிந்து பார்த்தார். "பாய் எங்க?"

அவரை மறந்துவிட்டிருந்தேன். ஆனால் இடம் உடனே கிடைத்தது. சிவப்புத் துண்டையும் பச்சைத் துண்டையும் கொஞ்சம் நெருக்கி அழித்து, இருவருக்கும் நட்டநடுவில் தொப்பியோடு அவரை வரைந்தேன்.

"இங்கப்பா. ரெண்டு பக்கமும் ஆள் இருக்கறதால விழவே மாட்டாரு."

மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. தாளை எடுத்துச் சட்டைப் பையில் வைப்பார் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கரியில் தட்டுகளை அடுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மாமாவிடம் சொன்னார்.

"காலைல மன்னார்குடி மரக்கடைக்குப் போயி பெஞ்ச் என்னா ஏதுன்னு கேட்டுட்டு வா. எல்லாம் நீளமா இருந்தா அப்பறம் பாத்துக்கலாம். ஒருத்தர் மட்டும் ஒக்கார்ற மாதிரி ஒன்னு இருந்தா, அத மட்டும் மொதல்ல எடுத்துட்டு வா. கலர் கிலர் எதுவும் அடிச்சிருக்கக் கூடாது."

நானும் கூட வருவேன் என்று அடம்பிடித்துச் சம்மதம் வாங்கிவிட்டேன். ஒருவர் மட்டும் உட்காருவதற்கு பெஞ்ச் என்று பெயர் இல்லை, அதற்கு ஸ்டூல் என்று பெயர் என்று அப்பாவைத் திருத்திவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு எத்தனை வரிசை பெஞ்ச் போட வேண்டியிருக்கும் என்று இன்னொரு தாளை எடுத்து வரையத் தொடங்கினேன்.